முக்கோணத்துக்குள் ஓர் எண்: தாம்பரத்துக் குடிநீரும் நெகிழிப் புட்டியும் சொல்வதும் சொல்லாததும்

2024 டிசம்பர் முதல் வாரத்தில், பல்லாவரத்தை ஒட்டிய காமராஜர் நகர், மலைமேடு பகுதிகளில் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் பாதிக்கப்பட்ட பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மூவர் உயிரிழந்தனர். தாம்பரம் மாநகராட்சியின் எல்லையும் பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் எல்லையும் சந்திக்கும் இடம் அது. குழாயில் வந்த குடிநீரில் கழிவுநீர் கலந்திருந்தது என்று மக்கள் கூறினர். அரசுத் தரப்போ அதை ஏற்கவில்லை. ஆய்வக முடிவுகள் வந்த பின்னரே காரணத்தைச் சொல்ல இயலும் என்றது.

அந்த நாள்களில் தென்சென்னைப் புறநகர் வீடுகளில் ஒரே அறிவுரைதான் காதில் விழுந்தது: குழாய் நீரைத் தொடாதீர்கள், கேன் வாங்குங்கள். வசதியுள்ளவர்கள் வாங்கினார்கள். நாள்கூலியில் வாழ்பவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அதே வேளையில், எந்தப் புட்டி நல்லது, எந்தக் கேன் நஞ்சு என்று கூறும் வாட்ஸ்அப் செய்திகளும் பரவின. புட்டியின் அடியிலுள்ள முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்றன அவை.

அந்த எண் சிலவற்றைச் சொல்கிறது, பலவற்றைச் சொல்வதில்லை. குடிநீர் குறித்து நம் முன் வைக்கப்படும் ஒவ்வொரு தெரிவும் எதிலிருந்து காக்கிறது, எதிலிருந்து காக்காது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். தெரிவு என்ற சொல்லே யாருக்குப் பொருந்துகிறது, யாருக்குப் பொருந்தவில்லை என்பதையும் அதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

குழாய் நீர் எவ்வாறு கெடுகிறது

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள் கொண்டது. பெயர் மாறிய வேகத்தில் நிலத்தடிக் குழாய்கள் மாறவில்லை. மாநகராட்சியின் பல பகுதிகளில் பாதாளச் சாக்கடை இன்னும் முழுமையாக இல்லை. கழிவுநீர்த் தொட்டிகளும் மழைநீர் வடிகால்களும் குடிநீர்க் குழாய்களும் ஒரே குறுகிய தெருவின் கீழ் அருகருகே கிடக்கின்றன.

இங்கு நீர் நாள் முழுவதும் வருவதில்லை. குறித்த சில மணி நேரமே விடப்படுகிறது. ஆபத்து பிறப்பது இந்த இடைவெளியில்தான். குழாயில் நீர் நிறைந்து அழுத்தத்துடன் ஓடும்போது, விரிசல் இருந்தாலும் உள்ளிருக்கும் நீர் வெளியே கசியும். நீரை நிறுத்தியதும் அழுத்தம் குறைந்து குழாய் காலியாகிறது. அப்போது அதே விரிசல் வழியே வெளியிலிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த முறை நீர் திறக்கப்படும்போது முதலில் வீட்டுக்கு வந்து சேர்வது அந்தக் கலப்பு நீர்தான். நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுவிசை மேலும் கூடும். ஒரு வீட்டின் மோட்டார் அண்டை வீட்டின் குழாய்க்குள் கழிவைக் கொண்டுவந்துவிடக்கூடும்.

ஆகவே நீர் வரத் தொடங்கியதும் முதல் சில நிமிடங்கள் வரும் நீரைக் குடிக்கப் பிடிக்காமல் கழுவவும் துடைக்கவும் பயன்படுத்துவது நல்லது. நிறம், நாற்றம், நுரை தென்பட்டால் அன்றைய நீரைக் குடிக்கக் கூடாது. ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நீர் தூயது என்றும் ஆகாது. நோய்க்கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு எதிராக உள்ளாட்சி வைத்திருக்கும் எளிய காவல் குளோரின். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500. குழாயின் கடைசி முனையிலும் ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்றும், 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி அறவே இருக்கக் கூடாது என்றும் அது வரையறுக்கிறது. எஞ்சிய குளோரினைத் தெருவிலேயே குளோரோஸ்கோப் கருவியைக் கொண்டு சில நிமிடங்களில் அளந்துவிடலாம். நீர்த்தேக்கத் தொட்டிக்கு அருகில் அளந்து எழுதிய எண் போதாது. குழாயின் கடைக்கோடியில் என்ன எண் வருகிறது என்பதே கேள்வி. நம் குடியிருப்புகள் பெரும்பாலும் அந்தக் கடைக்கோடியில்தான் இருக்கின்றன.

பாறையும் தோல் பதனிடும் தொழிலும்

குழாய் நீர் போதாத இடங்களில் ஆழ்துளைக் கிணறே துணை. பல்லாவரம், தாம்பரம் பகுதிகள் கடினமான சார்னோகைட் பாறையின் மேல் அமைந்தவை. இங்கே நிலத்தடி நீர் பாறையின் பிளவுகளில்தான் நிற்கிறது. மணல் அடுக்குகளில் ஊறிவரும் நீரை மண் ஓரளவு வடிகட்டித் தரும். பிளவுகளில் ஓடும் நீருக்கு அந்த வடிகட்டல் குறைவு. பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியின் கசிவு விரைவில் வந்து சேரும். அத்தகைய நீரில் நைட்ரேட் மிகும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அது கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும்.

குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. பம்மல், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் நூறாண்டுக்கு மேல் வேரூன்றியது. அந்த வேலையின் நாற்றத்தையும் இழிவையும் யார் தலையில் சாதி சுமத்தியது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோல் கழிவுநீரின் உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரைக் கெடுத்தன. 1996-ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தோல் ஆலைகளையும் உள்ளடக்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு உறுதி செய்தது. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பின் தேதியோடு வெளியேறிவிடுவதில்லை. இவ்வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதை ஒருமுறையேனும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

எது எதை நீக்கும்

நீரில் உள்ள கேடு இருவகை. ஒன்று உயிருள்ளது: பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி. மற்றொன்று கரைந்திருப்பது: உப்பு, நைட்ரேட், குரோமியம் போன்றவை. முதல்வகை ஒரே இரவில் உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டாம் வகை பல ஆண்டுகளில் உடலை அரிப்பது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நன்றாகத் தளதளவெனக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். ஆனால் நைட்ரேட்டும் உப்பும் குரோமியமும் கொதித்தால் போகா. நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றே கூடும். குளோரின் மாத்திரை கிருமியைக் கொல்லும். கலங்கிய நீரில் அதன் வேலை குறையும் என்பதால் முதலில் துணியால் வடிகட்ட வேண்டும். புற ஊதா ஒளிக் கருவியும் கிருமியை மட்டுமே கொல்லும். கரைந்தவற்றை நீக்க வல்லது ஆர்.ஓ. என்னும் எதிர்ச் சவ்வூடு கருவி. வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியேறுவது உண்டு. குடம் கணக்கில் நீர் பிடிக்கும் வீட்டுக்கு அது பெரிய இழப்பு. ஒரு லிட்டர் நீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., 500 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை என்பதே 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எடுத்த நிலைப்பாடு.

விற்பனையாளர்கள் காட்டும் இரண்டு வித்தைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முதலாவது, பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர். அது நீரில் மின்சாரம் பாயும் அளவைக் கொண்டு கரைந்த உப்பை மதிப்பிடுகிறது; கிருமியை அதனால் அறிய முடியாது. சாக்கடை கலந்த நீரிலும் மீட்டர் 400 என்று காட்டலாம்; அந்த எண்ணை நம்பிக் குடிப்பவர் மருத்துவமனைக்குப் போக நேரும். இரண்டாவது, இரும்புக் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் செலுத்திக் காட்டுவது. உங்கள் வீட்டு நீர் பழுப்பாக மாறும். அவர்களுடைய நீர் மாறாது. பழுப்பு நிறம் அந்தக் கம்பியிலிருந்து கரைந்து வரும் இரும்பு. உப்பு உள்ள எந்த நல்ல நீரிலும் அது நிகழும். உப்பே இல்லாத நீரில் மின்சாரம் பாயாது என்பதால் நிகழாது. நீரின் தூய்மைக்கும் அந்த வித்தைக்கும் தொடர்பில்லை.

கேன் மீதுள்ள முத்திரைகள்

நாம் பேச்சுவழக்கில் மினரல் வாட்டர் என்று அழைப்பதில் பெரும்பகுதி மினரல் வாட்டர் அன்று. இயற்கை ஊற்றிலிருந்து எடுத்த கனிம நீருக்குத் தரநிலை ஐ.எஸ். 13428. ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்.ஓ. செய்து அடைக்கும் பொட்டலக் குடிநீருக்கு ஐ.எஸ். 14543. நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேன் இரண்டாவது வகை. அதாவது, புறநகரின் நிலத்தடி நீரே எடுக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டு, விலைக்கு நம்மிடமே திரும்பி வருகிறது.

கேனின் ஒட்டுத்தாளில் பார்க்க வேண்டியவை சில. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேல் 14543 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். உற்பத்தி நாள், தொகுதி எண், தயாரித்த இடத்தின் முழு முகவரி இருக்க வேண்டும். முதல் எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியிலும், இரண்டாவதை ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் சரிபார்க்கலாம். 2024 அக்டோபரில், பொட்டலக் குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. சான்று கட்டாயம் என்ற நிபந்தனையை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே இதனை உயர் அபாய உணவு வகையில் சேர்த்து, ஆண்டாய்வுக்கு உட்படுத்தியது. ஆகவே 14 இலக்க எண்ணைச் சரிபார்ப்பது முன்னைவிட முக்கியமாகிறது. ஒட்டுத்தாளே இல்லாமல், மூடி மேல் முத்திரையுறை இல்லாமல் வரும் கேன் எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் தெரியாத நீர்.

உரிமம் சரியாக இருந்தாலும் கேனைக் கவனிக்க வேண்டும். உட்புறம் பச்சைப் படலம் தெரிந்தால் பாசி பிடித்திருக்கிறது. சுவரெல்லாம் கீறலாக, மங்கிப் போயிருந்தால் பலமுறை தேய்த்துக் கழுவப்பட்டது. கீறல்களில் கிருமி தங்கும். வெயிலில் அடுக்கி வைத்த கேனை வாங்கக் கூடாது. திறந்த கேனை இரண்டு மூன்று நாள்களுக்குள் முடிப்பது நல்லது.

முக்கோணம் சொல்வது என்ன

அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் மறுசுழற்சிச் சின்னத்தை 1970-இல் காரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988-இல் அமெரிக்க நெகிழித் தொழில் சங்கம் அதே போன்ற முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களை இட்டது. இது எந்த வகைப் பிசினால் ஆனது என்பதைக் குப்பை பிரிப்பவர் அறிவதற்காக இடப்பட்ட எண் அது. உண்பதற்குப் பாதுகாப்பானது என்றோ, மறுசுழற்சி செய்யப்படும் என்றோ, இத்தனை முறை பயன்படுத்தலாம் என்றோ அது உறுதி கூறவில்லை. மக்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதால், 2013-இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு அம்புகளை நீக்கிவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றியது. பழைய அச்சுகள் உலகெங்கும் இன்னும் அம்புகளையே பதிக்கின்றன.

எண் 1 பெட். கடையில் விற்கும் ஒரு லிட்டர் நீர்ப் புட்டி, குளிர்பானப் புட்டி இதனால் ஆனவை. ஒருமுறை பயன்பாட்டுக்கென மெல்லியதாகச் செய்யப்படுபவை. இதன் தயாரிப்பில் ஆண்டிமனி என்னும் உலோகச் சேர்மம் பயன்படுகிறது. வெப்பம் கூடக்கூட அது சிறிதளவு நீரில் இறங்குவது கூடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்த புட்டி நீரைத் தவிர்ப்பதும், கொதிநீரை இதில் ஊற்றாதிருப்பதும் இதனால்தான். சாதாரண வெப்பத்தில் இறங்கும் அளவு பொதுவாக வரம்புக்குள் அடங்குகிறது. ஒரே புட்டியை மாதக்கணக்கில் நிரப்பிக் குடிப்பதில் பெரிய ஆபத்து வேதிப்பொருளைவிட, சரியாகக் கழுவ முடியாத குறுகிய கழுத்தில் வளரும் கிருமிதான்.

எண் 2 எச்.டி.பி.இ. என்னும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலின்; தடித்த கேன்கள், பீப்பாய்கள், பல குடங்கள் இதில் செய்யப்படுகின்றன. எண் 5 பாலிபுரோப்பிலின். சாப்பாட்டு டப்பாக்கள், சில குடங்கள், மூடிகள். நீர் வைக்க இவ்விரண்டும் ஒப்பீட்டளவில் நிலையானவை. எண் 4 மென்மையான பாலிஎத்திலின், பைகளும் உறைகளும். எண் 3 பி.வி.சி.; வீட்டுக் குழாய்கள், புட்டிகளைச் சுற்றிய சில உறைகள். எண் 6 பாலிஸ்டைரின். தெர்மாகோல் தட்டும் குவளையும். சூடான தேநீருக்கு இது ஏற்றதன்று.

எண் 7 என்பது மற்றவை என்று மட்டுமே பொருள்படும். பலவகை நெகிழிகள் இதில் அடங்கும். 20 லிட்டர் கேன்களில் நீலநிறத்தில் கண்ணாடிபோல் கெட்டியாக இருப்பவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்த பாலிகார்பனேட். பிஸ்ஃபீனால் ஏ என்ற வேதிப்பொருளால் ஆனது அது. அப்பொருள் உடலின் இயக்குநீர்ச் செயல்பாட்டைக் குலைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் குழந்தைகளின் பால்புட்டிகளிலும், 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருள்கள் பெரும்பாலானவற்றிலும் அதைத் தடை செய்தது. ஆனால் எண் 7 உள்ள எல்லாமே பாலிகார்பனேட் அல்ல. கேனில் பிஸ்ஃபீனால் ஏ இல்லை என்று தனியே எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

உணவுக்கு ஏற்றதா என்பதைச் சொல்லும் சின்னம் வேறு. குவளையும் முள்கரண்டியும் சேர்ந்த சிறு படம் அது. நல்ல குடத்திலும் டப்பாவிலும் அடியில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எண் சொல்லாதவை

எண் ஒரு பொருளின் வகையைச் சொல்லும். அதன் கடந்த காலத்தைச் சொல்லாது. நம் குடியிருப்புகளில் நீர் சேமிக்கப் பயன்படும் நீலப் பீப்பாய்களின் அடியில் 2 என்று இருக்கும். உணவுக்கேற்ற எண்தான். ஆனால் அதே பீப்பாயில் முன்பு அமிலமோ சாயமோ பூச்சிமருந்தோ இருந்திருந்தால், எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீருக்கு ஆகாது. வண்ணப்பூச்சு வாளிகளும் அவ்வாறே. பல நிறங்கள் கலந்து மங்கிய, மட்டமான வாசம் வீசும் மலிவுக் குடங்கள் கலப்பு நெகிழிக் கழிவிலிருந்து உருக்கி வார்க்கப்பட்டவையாக இருக்கலாம். அவற்றில் எண்ணே இருக்காது. குடிநீருக்கு எவர்சில்வர் குடமோ மண்பானையோ முடிந்தால் அதுவே நல்லது.

நீரில் மிதக்கும் நுண்நெகிழியையும் எண் சொல்லாது. 2024 ஜனவரியில் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு, அமெரிக்கக் கடைகளில் வாங்கிய புட்டி நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 நெகிழித் துகள்களைக் கண்டது. உடலில் அவற்றின் விளைவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. புட்டியில் அடைத்ததாலேயே நீர் தூயதாகிவிடும் என்ற விளம்பரத்தின் மீது அந்த ஆய்வு கேள்வி எழுப்புகிறது.

புட்டியைப் பொறுக்கும் கை

அந்த எண் யாருக்காக இடப்பட்டதோ, அவரைப் பற்றிப் பேசாமல் இவ்விளக்கம் முழுமையடையாது. நம் தெருக்களில் புட்டியைப் பொறுக்குபவரும், காயலான் கடைக்குச் சுமந்து செல்பவரும், குப்பைமேட்டில் பிரிப்பவரும் பெரும்பாலும் தலித் மக்களும் பழங்குடி மக்களும் ஊர்விட்டு ஊர் வந்த ஏழைகளும்தான். தாம்பரம் கன்னடபாளையம் குப்பைமேட்டிலும், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் விளிம்பிலுள்ள பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலும் கையுறைகூட இல்லாத கைகள் செய்த வேலையால்தான் இந்நகரின் மறுசுழற்சி நடந்தது.

அவர்களுக்கு முக்கோணம் தேவைப்படுவதில்லை. கையால் நசுக்கும் ஓசையிலேயே வகை தெரிகிறது. பெட் புட்டிக்கு விலை உண்டு. தெர்மாகோலுக்கும் பல அடுக்கு உறைகளுக்கும் விலை இல்லை. பிரித்த புட்டிகளைத் துண்டாக்கி நீரில் போட்டால் பெட் மூழ்கும், மூடியின் நெகிழி மிதக்கும். பி.வி.சி. உறையும் மூழ்கும் என்பதால் அது பெட்டோடு கலந்து முழுத் தொகுதியையும் கெடுக்கிறது. பெட் துண்டுகளில் பெரும்பகுதி மீண்டும் புட்டியாவதில்லை, பாலியெஸ்டர் நூலாகிறது. அந்த நூலாடையை மீண்டும் மறுசுழற்சி செய்வது கடினம். ஆக, முக்கோணம் காட்டும் முடிவில்லாச் சுற்று, பெரும்பாலும் ஒரே ஒரு சுற்றுதான்.

2016-ஆம் ஆண்டின் விதிகளும் 2022-இல் வந்த திருத்தமும் புட்டியைச் சந்தைக்கு விடும் நிறுவனமே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன. கெட்டியான நெகிழிப் பொதிகளில் 2025–26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்ற இலக்கும் உண்டு. ஆனால் பொறுப்பு நிறைவேறியதற்கான சான்றிதழை வாங்குவதும் விற்பதும் நிறுவனங்கள். புட்டியை உண்மையில் திரட்டிய கைக்கு அந்தச் சான்றிதழின் மதிப்பில் என்ன பங்கு என்பதை விதிகள் தெளிவாகச் சொல்லவில்லை. டாஸ்மாக் கண்ணாடிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தால் தொடங்கியது. நீர்ப் புட்டிக்கும் அதுபோன்ற வைப்புத்தொகை ஏன் கூடாது? அப்போது பொறுக்குபவரின் கையில் இருப்பது குப்பையாக இராது; காசாக இருக்கும்.

தனிக் கிணறும் பொதுக் குளமும்

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோர் உள்ளிட்ட எல்லோருக்கும் திறந்தவை என்றது அது. தாம்பரத்திலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வரும் மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் அவர். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். தாகம் தணிப்பது மட்டும் அதன் நோக்கம் அன்று. பொதுவானது எதுவோ அதில் நமக்கும் பங்குண்டு என்று நிறுவுவதே அதன் நோக்கம். சேரிக்குத் தனிக் கிணறு வெட்டித் தருகிறோம் என்ற சலுகை அக்காலத்திலும் நீட்டப்பட்டது. நம் முன்னோடிகள் கேட்டது பொதுக் கிணற்றை.

இன்று பொதுக் கிணற்றுக்கு நிகரானது மாநகராட்சிக் குழாய். அதை நம்ப முடியாது என்று ஆனதும், பணமுள்ளவர்கள் கேன் என்ற தனிக் கிணற்றுக்கு மாறிக்கொண்டார்கள். அவர்கள் விலகியதும் குழாய் நீரின் தரத்துக்காகக் குரல் கொடுப்போரும் குறைந்தனர். எஞ்சி நிற்பவர்கள் கேன் வாங்க இயலாதவர்கள். ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு ஒரு கேன், அதன் விலை 35 ரூபாய் என்று கொள்வோம். மாதம் 1,050 ரூபாய். ஆண்டுக்கு 12,600 ரூபாய். ஆயிரம் லிட்டர் நீருக்கு 1,750 ரூபாய். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்ணின் பல நாள் கூலி அதில் கரைகிறது.

நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள் கொண்ட தொகுப்புகள் இருக்கின்றன. மின்தூக்கி பழுதான நாளில் 20 கிலோ எடையுள்ள கேனை மேலே சுமப்பது யார்? அங்கே கேன் வாங்குங்கள் என்பது அறிவுரை ஆகாது.

சாதி நீரில் எப்படி நுழைகிறது என்பதற்கு 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயல் சாட்சி. தலித் மக்களுக்கான நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஈராண்டுக்குப் பின் 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அவ்வூர்த் தலித் மக்கள் மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது. பாதிக்கப்பட்டவர்களும் தலித் அமைப்புகளும் அதை ஏற்க மறுத்தனர். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை பல ஊர்களில் வேறு வடிவம் எடுத்திருக்கிறது: மற்றவர்க்கு எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் குவளை, தலித் மக்களுக்குத் தூக்கியெறியும் நெகிழி அல்லது காகிதக் குவளை. அந்தக் குவளையின் அடியில் என்ன எண் இருந்தாலும் அது சொல்லும் செய்தி ஒன்றுதான்.

கேட்க வேண்டியவை

புறநகரில் நாம் செய்யக்கூடியவை உண்டு. வார்டில் எஞ்சிய குளோரின் அளவும் கிருமி ஆய்வு முடிவும் எந்தத் தேதியில், எந்தத் தெருவின் கடைசிக் குழாயில் எடுக்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ், 10 ரூபாய்க் கட்டணத்துடன் மாநகராட்சியிடம் கேட்கலாம். நீர் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ கிண்டி கிங் நிலையத்திலோ சோதிக்கக் கொடுக்கலாம். சங்கங்களும் மன்றங்களும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால் மலக் கலப்பு உள்ள நீர் கறுத்துவிடும். கறுத்த குப்பியைப் புகைப்படமெடுத்து, தேதியும் தெருப்பெயரும் எழுதி, மனுவோடு இணைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை மறுப்பது எளிது. தேதியிட்ட தாளை மறுப்பது அவ்வளவு எளிதன்று.

தலித் குடியிருப்புக்கு மட்டும் நீர் மறுக்கப்பட்டாலோ கெடுக்கப்பட்டாலோ அது வெறும் நிர்வாகக் குறைபாடு அன்று. கிணறு, குளம் போன்ற பொது நீர்நிலைகளில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) பிரிவு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ் குற்றம். 2021-இல் அமைந்த மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திடமும் முறையிடலாம்.

மாநகராட்சி செய்ய வேண்டியவை இன்னும் அடிப்படையானவை. கழிவுநீர் ஓடும் இடத்தில் குடிநீர்க் குழாய் கிடப்பதை வார்டு வாரியாகக் கண்டறிந்து முதலில் மாற்ற வேண்டும். கடைக்கோடிக் குழாயின் ஆய்வு முடிவைத் தெருவிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். நீர் கெட்டதாகச் சந்தேகம் எழுந்த அன்றே கட்டணமின்றி நல்ல நீர் தர வேண்டும். பட்டியல் சாதிப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட மேயர் பதவியைக் கொண்ட மாநகராட்சி இது. 2022-இல் இளம் தலித் பெண் ஒருவர் அதன் முதல் மேயரானபோது நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்குரிய நீர் மலைமேட்டுக் குழாய்க்கும் பெருங்களத்தூர்த் தெருவுக்கும் வந்தாக வேண்டும்.

புட்டியின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வோம், முத்திரையைச் சரிபார்ப்போம், பீப்பாயின் பழைய வரலாற்றைக் கேட்டறிவோம். இவை இன்றைக்கு உயிர்காக்கும் அறிவு. ஆனால் ஒவ்வொரு வீடும் தனித்தனியே தன் நீரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதை நாம் இயல்பாக ஏற்க வேண்டியதில்லை. குழாயில் வரும் நீரை எவரும் அச்சமின்றிக் குடிக்கலாம் என்ற நிலைதான் நம் கோரிக்கை.